கடைசிப் பாட்டுக்கு முன்னால்

1

இந்த மாதம் என் மகள் தர்ஷினிக்குப் பதினாறு வயதானது. கேக் வெட்டி, படம் பிடித்து, ஆளுக்கொரு துண்டு வாயில் வைத்த கையோடு அவள் சொன்னாள்:

"அப்பா, இனி ஷோவுக்கு நீங்க வரத் தேவையில்ல. சிக்ஸ்டீன் ஆனா பெரியாள் கூட வரணும்னு ரூல் இல்லயாம். நானும் எமிலியும் மட்டும் போறோம். கடைசிப் பாட்டு முடிஞ்சுதான் வருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

எமிலி அவளுடைய பள்ளித் தோழி. ஷோ என்பது லண்டனுக்கு வரும் ஒரு கொரியப் பாட்டுக் குழுவின் நிகழ்ச்சி. போன வருஷமும் அந்தக் குழு வந்தது. பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடுதான் வரலாம் என்பது மண்டபத்தின் சட்டம். அந்தப் பெரியவராகப் போன நான், கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று தொடங்கிய கோபம் உப்புப் போத்தல் மாதிரி ஒரு வருஷமாக எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கிறது.

கேக் துண்டைக் கீழே வைத்தேன். என் மனைவி செல்வியைப் பார்த்தேன். செல்வி இலங்கையில் பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. எதற்கும் லேசில் கலங்கமாட்டாள்.

"போகட்டுமே. கூட்டம்னா என்ன, கடிச்சா திங்கப்போகுது? ஒங்க பயம் ஒங்களோட போகட்டும்ங்க. புள்ளைக்கு எதுக்கு அது?" என்றாள்.

லண்டனில் இருந்துகொண்டு இவனுக்கு என்ன பயம் என்று ஊரில் இதைப் படிப்பவர்கள் கேட்பீர்கள். கொழும்பு ஹோட்டலில் சமையல் பழகி, டுபாய்க்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். வீசாவுக்காக என்னென்னவோ கடதாசி காட்டியிருக்கிறேன். இந்தப் பயத்தைப் பற்றி மட்டும் எந்த அதிகாரியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதைத்தான் முதலில் எடுத்து மேசையில் வைத்திருப்பேன்.

2

நான் பிறந்தது தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அப்பா ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரர். எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, கீழே ஆற்றைக் கடந்தால் சிங்களக் கிராமம். அதை நாங்கள் 'நாடு' என்போம். ஏப்ரலில், புதுவருஷத்துக்கு, நாட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் கொழும்பிலிருந்து ஒரு பேண்ட் வந்து மியூசிக்கல் ஷோ போடும்.

அந்த ஷோ மாதிரி ஒன்றை நான் உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. பாடகர் யார் என்பதைப் பற்றி அங்கே யாருக்கும் பெரிய அக்கறை கிடையாது. பளபளவென்று ஒரு சட்டை போட்டிருந்தால் போதும். பாட்டுத்தான் முக்கியம், அதிலும் அடிதான் முக்கியம். பைலா என்ற ஆட்டப்பாட்டு தொடங்கினால் முன்வரிசை, பின்வரிசை என்று எதுவும் இருக்காது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிழவர்கள்கூட இறங்கிவிடுவார்கள். பெண்கள் ஓரமாகப் பாய் விரித்துக் கச்சான் கடலை கொறித்தபடி, தங்கள் புருஷன்மார் ஆடுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். துண்டுக் கடதாசியில் பாட்டு எழுதி மேடைக்கு அனுப்பினால் அறிவிப்பாளர் பேரோடு வாசிப்பார். எனக்கும் ஒரு பாட்டுக் கேட்டு எழுதி அனுப்ப ஆசைதான். எந்தப் பேரைப் போடுவது?

ஏனென்றால் எங்களுக்குச் சட்டம் வேறு. வீட்டை விட்டு இறங்குமுன் அப்பா எங்களை நிறுத்தி வைத்துச் சொல்வார்.

"துன்னூற அழிச்சிக்க. கிரவுண்ட்ல தமிழ் பேசப்படாது. அண்ணன்கிட்டயும் சிங்களம்தான். பேரு கேட்டா சுனில்னு சிங்களப் பேரச் சொல்லு. வேலி ஓரமா நில்லு. கடைசிப் பாட்டுக்கு முன்னாடி மேல வந்துரணும்."

அப்பா இளைஞராக இருந்த காலத்தில் ஒரு ஷோ முடிந்து கலையும்போது கிராமத்துப் பையன்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்களாம். சிலருடைய மண்டை உடைந்தது. விடிந்ததும் இரண்டு கூட்டமும் சமாதானமாகி, தோட்டத்துக்காரர்கள்தான் சண்டையைத் தொடங்கினார்கள் என்று ஒற்றுமையாக லயத்துக்கு வந்தார்கள். அப்பாவின் இடது கை அதற்குப் பிறகு முழுதாக மடங்கவில்லை. அந்தக் கையோடுதான் கடைசிவரை பால் வெட்டினார். எங்கள் தோட்டத்தில் எந்த ஷோவுக்குப் போனாலும் முடிவதற்கு முன்னால் கிளம்பிவிடும் வழக்கம் அங்கிருந்துதான் வந்தது.

கடைசிப் பாட்டு எது என்று கண்டுபிடிப்பதும் ஒரு வித்தை. ஜெனரேட்டர் கொடுத்த முதலாளிக்கு அறிவிப்பாளர் நன்றி சொல்லத் தொடங்கினால் அடுத்தது அதுதான். அந்த நன்றி காதில் விழுந்ததும் எங்கள் லயத்துச் சனம் முழுவதும், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல, வேலியோரமாக நழுவி ஆற்றைக் கடந்துவிடும். ரப்பர் மரங்களுக்கு நடுவே மேட்டில் ஏறும்போது பின்னால் இருந்து ட்ரம் சத்தம் மட்டும் வரும். அப்பா திரும்பிப் பார்க்கமாட்டார். நாங்களும் பார்க்கக்கூடாது.

மறுநாள் வழியில் நிமல் என்னைப் பிடித்துக்கொள்வான். கிராமத்துப் பையன், என் வயது, என் உண்மையான பேர் தெரிந்தவன். அவன் மேல் எனக்கு ஒரு துளி பயமும் கிடையாது. அவன் கையோடு சேர்ந்து நூறு கை ஒரே நேரத்தில் உயரும்போதுதான் எனக்குப் பயம்.

"ஏன்டா போயிட்ட? கடைசிப் பாட்டுத்தானே எல்லாத்தையும்விட நல்லா இருந்திச்சு!" என்று சிங்களத்தில் கேட்பான்.

"படே அமாருய்" என்பேன். வயிற்று வலி.

ஒவ்வொரு வருஷமும் அதே வயிற்று வலி. நம்பினானோ இல்லையோ, நிமல் நடுரோட்டில் நின்று அந்தக் கடைசிப் பாட்டை முழுசாகப் பாடி ஆடிக் காட்டுவான். என் வாழ்க்கையில் நான் கேட்ட கடைசிப் பாட்டுகள் எல்லாம் நிமலின் குரலில்தான் இருக்கின்றன.

3

லண்டனில் தமிழ் ஷோ என்பது வேறு உலகம். சென்னையிலிருந்து ஒரு இசையமைப்பாளர் வருகிறார் என்றால் இங்கே பட்டுச்சேலைகள் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடும். மேலே குளிர்ச்சட்டை, கீழே பட்டு. எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்துதான் ரசிப்பார்கள். சாப்பாட்டுக் கடையில் ஓடர் கொடுப்பது போல இருந்த இடத்திலிருந்தே பாட்டுப் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். இந்திப் பாட்டு ஒன்று வந்தால் பாதி மண்டபம் எழுந்து கழிவறைக்குப் போகும். நடுவில் நகைக்கடை முதலாளி ஒருவர் மேடையேறி, இறங்க மனமில்லாமல் பேசுவார். ஆனால் ஒரு பழைய மெலடியின் முதல் புல்லாங்குழல் வந்தால் போதும். பக்கத்தில் இருக்கும் பெரிய மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, போனில் படம் பிடிப்பதையே மறந்துவிடுவார். பைலாக்காரர்கள் பாட்டோடு ஆடுகிறார்கள், இவர்கள் பாட்டோடு ஊருக்குப் போய்வருகிறார்கள்.

அந்த ஊர் பெரும்பாலும் யாழ்ப்பாணம். இடைவேளையில் கதை கொடுப்பார்கள்.

"தம்பி, நீங்கள் ஊரிலை எவடம்?"

"தெஹியோவிட்ட."

"அது சிங்கள இடமெல்லோ? அங்கை தமிழ் ஆக்கள் இருக்கினமோ?"

இருக்கிறோம் ஐயா, நாலைந்து தலைமுறையாக இருக்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். அவர்களுக்கு அது புதுச்செய்தியாக இருக்கும்.

தர்ஷினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படி ஒரு ஷோவுக்குப் போனோம். இசையமைப்பாளர் தன் வாத்தியக்காரர்களைப் பேர் சொல்லி அறிமுகப்படுத்தி நன்றி சொல்லத் தொடங்கினார். எனக்கு ஜெனரேட்டர் முதலாளி ஞாபகம் வந்துவிட்டது. "எந்திரிங்க, கிளம்புவோம்" என்றேன். செல்வி முனகிக்கொண்டே எழுந்தாள். ரயிலைப் பிடிக்க என்று எங்களைப் போலவே இன்னும் பலர் எழுந்திருந்தார்கள். படிக்கட்டில் நெரிசல். யாரோ பின்னால் தள்ள, என் கையில் இருந்த சின்னக் கை வழுக்கிப் போய்விட்டது. திரும்பினால் பட்டும் குளிர்ச்சட்டையும்தான் தெரிகிறது, பிள்ளையைக் காணவில்லை.

கத்தினேன்.

"மகே துவ! கோ மகே துவ?"

என் மகள் எங்கே என்றுதான் கேட்டேன். ஆனால் சிங்களத்தில் கேட்டேன். பயம் வந்தால் என் வாய் தானாகச் சிங்களத்துக்குப் போய்விடும். நாட்டு மைதானத்தில் அப்படிப் பழகிய வாய் அது. கூட்டத்தில் தமிழ் வந்தால் அடி விழும் என்று கற்ற பாடத்தை, தமிழர்கள் மட்டுமே இருந்த படிக்கட்டில் ஒப்பித்தேன்.

சத்தம் அடங்கியது. முகங்கள் திரும்பின. "ஆர் இது சிங்களத்திலை கத்துறது?" என்று ஒருவர் கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அவருக்குள்ளும் ஏதோ ஒன்று விறைத்துக்கொண்டதைக் கண்ணில் பார்த்தேன். அந்த மொழி அவருக்கு எந்த வீதியில், எந்தச் சீருடையில் கேட்டிருக்குமோ, எனக்கு எப்படித் தெரியும்? நான் அவருக்குப் பயந்தேன், அவர் எனக்குப் பயந்தார். இரண்டு பேரும் தமிழர்கள்.

கீழே ஐஸ்கிறீம் கடையடியில் ஓர் அம்மா தர்ஷினியின் கையைப் பிடித்தபடி நின்றார். நான் சிங்களத்திலேயே கத்திக்கொண்டு ஓடிப் போனதும் அவர் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இது யாருடைய பிள்ளை என்று இங்கிலீசில் கேட்டார். "இது எங்க அப்பா" என்று தர்ஷினி சொல்லியும் கையை விடவில்லை. எனக்கு ஒரு தமிழ்ச் சொல்கூட வரவில்லை. செல்வி வந்து, "எங்க புள்ளைதாங்க, ரொம்பப் பெரிய உபகாரம்ங்க" என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

ரயிலில் தர்ஷினி கேட்டாள்: "அப்பா, நீங்க என்ன லாங்குவேஜ்ல கத்தினீங்க?"

"சிங்களம்."

"ஏன்?"

"தூங்கு" என்றேன்.

4

போன வருஷம் பார்த்த கொரிய ஷோ என்னை உண்மையாகவே அசத்தியது. பிள்ளைகள் காலையிலேயே போய் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை. பாசிமணியில் கோத்த கைவளையல்களை முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொண்டார்கள். எனக்கும் ஒரு பிள்ளை ஊதா வளையல் ஒன்றைக் கொடுத்தாள். எல்லார் கையிலும் ஒரு விளக்குக் கோல். உள்ளே இருக்கும் ஏதோ ஒரு இயந்திரம் சொன்னபடி அத்தனை கோலும் ஒரே நேரத்தில் நீலமாகும், ஒரே நேரத்தில் வெள்ளையாகும். எந்த வரியில் எந்தப் பாடகனின் பேரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டிலேயே பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். முன்னால் ஒரு பிள்ளைக்கு மயக்கம் வந்தபோது சுற்றி இருந்தவர்கள் கையை உயர்த்த, மேடையில் பாட்டையே நிறுத்திவிட்டார்கள். தண்ணீர்ப் போத்தல் கைமாறிக் கைமாறி அந்தப் பிள்ளையிடம் போனது.

இந்தப் பிள்ளைகள் யாருக்கும் கொரிய மொழி தெரியாது. ஆசைக்காகக் கற்கிறார்கள். ஆசைக்காக ஒரு மொழியைக் கற்கலாம் என்பதே எனக்குப் புதிது.

இவ்வளவையும் ரசித்தேன். ஆனால் ரசித்தது என் கண்தான். கால் வெளியேறும் கதவைப் பார்த்தபடி நின்றது. கடைசியில் பாடகர்கள் வரிசையாக நின்று குனிந்து நன்றி சொன்னார்கள். அவ்வளவுதான். தர்ஷினியின் கையைப் பிடித்தேன்.

"அப்பா, ப்ளீஸ்! இனிமேத்தான் மெயின் பாட்டு. அதுக்குத்தான் எல்லாரும் வந்ததே!"

"கூட்டம் கிளம்பிரும். வா."

"என்ன ஆகப்போகுது? சொல்லுங்க, என்ன ஆகும்?"

ஆற்றையும் மேட்டையும் அப்பாவின் கையையும் அந்தச் சத்தத்தில் எப்படிச் சொல்வது? அதை இன்றுவரை நான் அவளுக்குச் சொன்னதில்லை. பிள்ளை நிம்மதியாக வளரட்டும் என்று மறைத்தேன். கதையை மறைத்துவிட்டுக் கையைப் பிடித்து இழுப்பதை மட்டும் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

5

இந்த வருஷம் ஷோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கோடைகாலம், முடியும்போதும் வெளியே வெயில் இருக்கும் என்று செல்வி சமாதானம் சொன்னாள். வெயிலில் பயம் வராது என்று அவளுக்கு நினைப்பு. அதற்கு முந்தைய இரவுகளில் நான் தூங்கவில்லை. இந்த நாடுகளில் பாட்டுக் கேட்கப் போன பிள்ளைகளுக்கு நடந்ததாகச் செய்தியில் பார்த்ததெல்லாம் வரிசையாக வந்தது. மண்டபத்திலிருந்து வந்த மின்னஞ்சலை, ஒரு காலத்தில் வீசாக் கடிதத்தை வாசித்த மாதிரி, திரும்பத் திரும்ப வாசித்தேன். வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்று ஒரு வரி இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. இழுத்து வந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று போன வருஷம் நினைத்த அதே மூளை.

வாசலில் இறக்கிவிட்டபோது எமிலி முன்னால் ஓடிவிட்டாள். தர்ஷினி காரின் ஜன்னலுக்குள் தலையை விட்டாள்.

"அப்பா, போன் பண்ணக்கூடாது. உள்ள வரக்கூடாது. ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ். கதவு எந்தப் பக்கம்னு முதல்ல பாத்து வச்சுக்க."

சொல்லியிருக்கவேண்டாம். வாயில் வந்துவிட்டது. அவள் ஒரு கணம் நின்று, பிறகு போனாள்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. மண்டபத்துக்கு எதிரே ஒரு குட்டைச் சுவரில், பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருந்த மற்றப் பெற்றோரோடு உட்கார்ந்தோம். அவர்கள் தேநீர் குடித்தார்கள், ஒருவர் பேப்பர் வாசித்தார். நான் கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்துச் சுவரைத் தாண்டி ட்ரம் சத்தம் மட்டும் வந்தது. ரப்பர் மேட்டில் ஏறும்போது வந்த அதே சத்தம். ஆனால் அப்போது நான் என் அப்பாவுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். இப்போது என் பிள்ளை அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறாள்.

"பாருங்க, எவ்வளவு நேரமாச்சு, ஒண்ணும் ஆகல்ல" என்றாள் செல்வி. எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. இந்த முறை கடைசிப் பாட்டைக் கேட்டுவிட்டு வரட்டும் என்று முதல் தடவையாக மனதார நினைத்தேன். அவள் கேட்டால் நானும் கேட்ட மாதிரி.

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஒரே ஒரு பிள்ளை வெளியே வந்தாள்.

தர்ஷினி.

ஓடினேன். ஏதோ நடந்துவிட்டது, கத்தியா, நெருப்பா, நெரிசலா என்று என் தலைக்குள் என்னென்னவோ ஓடியது. அவள் தோளைப் பிடித்து முகத்தைப் பார்த்தேன். காயம் இல்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"என்னம்மா? என்னாச்சு? யாராச்சும் எதும் செஞ்சாங்களா?"

"ஒண்ணும் ஆகல்ல அப்பா."

"முடிஞ்சிருச்சா?"

"இல்ல. இன்னும் ஒரு பாட்டு இருக்கு. கடைசிப் பாட்டு."

"அப்ப ஏன் வந்த? அதுக்குத்தானே போன!"

"தெரியல்ல. அவங்க தேங்க்யூ சொன்னாங்க. எல்லாரும் முன்னால போனாங்க. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. கால் தானா கதவுப் பக்கம் வந்திருச்சு." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "யாரும் என்னைய இழுக்கல்லப்பா. நானேதான் வந்தேன்."

கதவடியில் நின்ற காவலாளியிடம் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீசு முழுவதையும் செலவழித்துக் கெஞ்சினேன். ஒரே ஒரு பாட்டு, பிள்ளையை மட்டும் உள்ளே விடுங்கள் என்றேன். நல்ல மனிதர்தான். முடியாது என்று தலையை ஆட்டினார். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே பெரிய ஆரவாரம் எழுந்தது. பாட்டு தொடங்கிவிட்டது. செல்வி அவளைக் கட்டிக்கொண்டாள். தர்ஷினியின் கையில் விளக்குக் கோல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கதவுக்கு அருகில் நின்றதால் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் கட்டளை அதற்கு எட்டியதுபோலும். வெயிலில் மங்கலாக நீலமானது, வெள்ளையானது, மறுபடி நீலமானது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பாட்டு முடிந்ததும் கதவுகள் எல்லாம் திறந்தன. ஒரு மைதானம் நிறைந்த சனம் வெளியே வந்தது. நான் நகரவில்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை. பாடிக்கொண்டும் அழுதுகொண்டும் வளையல்களைக் காட்டிக்கொண்டும் பிள்ளைகள் எங்களைக் கடந்து போனார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து எமிலி, வேர்த்து விறுவிறுக்க, முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

"எங்கே போய்விட்டாய்? கடைசிப் பாட்டுத்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது!" என்றாள் இங்கிலீசில்.

தர்ஷினி என்னைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தோழியைப் பார்த்துச் சிரித்தாள்.

"வயிற்று வலி" என்றாள்.

எமிலி நடைபாதையில் நின்று அந்தப் பாட்டைப் பாடி ஆடிக் காட்டத் தொடங்கினாள். நிமலைப் பற்றி நான் என் மகளிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.